புலா என்று சொல்லி முடிக்க வேண்டும்

29 அக்டோபர் 2018, திங்கள். கபரோனி, போட்ஸ்வானா

பிற்பகல் இரண்டு இருபதுக்கு விமானம் இறங்கியது. பெட்டிகள் இரண்டும் வந்து சேர்ந்தன. கறிவேப்பிலையைச் சுங்கத்தில் எடுத்துக்கொண்டார்கள். வடகம் தப்பியது. தங்கை மகள் மதி வந்திருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"மாமா, அம்மா வரல. முழங்கால் வலின்னு சொல்லச் சொன்னா."

"ரொம்ப வலியா?"

"சொல்லச் சொன்னா, அவ்வளவுதான்."

வீட்டு வாசலில் வடிவு நின்றாள். ஆறு வருடம் ஆகிறது அவளைப் பார்த்து. அவள் கணவர் குற்றாலிங்கம் இறந்தபோது ஊருக்கு வந்திருந்தாள். "மெலிஞ்சிட்டியளே அண்ணாச்சி" என்றாள். காபி நன்றாக இருந்தது. தாயும் மகளும் என் வழியாகவே பேசிக்கொண்டார்கள். "சீனி வேணுமான்னு அவகிட்ட கேளுங்க." "வேண்டாம்னு சொல்லுங்க மாமா." நடுவில் நான் சீனி டப்பாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

30 அக்டோபர்

என் குறிப்புகள் பின்னால் எனக்கே புரியாமல் போவது உண்டு. ஆகவே வந்த காரணத்தை எழுதி வைக்கிறேன்.

தங்கை வடிவும் அவள் கணவரும் 1988-இல் கணக்கு ஆசிரியர்களாக போட்ஸ்வானாவுக்கு வந்தார்கள். மகள் காந்திமதிக்கு அப்போது மூன்று வயது. இப்போது அவள் மாட்டு வைத்தியர். மொத்துசி என்ற இந்த ஊர்ப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருக்கிறாள். இங்கே மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வரும்போது பெண்ணின் அப்பா அம்மா பேசக்கூடாதாம். தாய்மாமன்தான் பேச வேண்டும். 'மலோமே' என்கிறார்கள். எங்களூர் வழக்கம் இங்கேயும் இருப்பது வியப்பு. அந்த மாமன் நான் என்பதுதான் கவலை. எழுபத்து மூன்று வயதில் நான் கூட்டத்தில் பேசியது மொத்தம் ஒரு முறை, என் பணி ஓய்வு நாளில். "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆங்கிலம்-தமிழ் அகராதி அலுவலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தேன். புதிய பதிப்புக்காக 'பி' (P) எழுத்தின் பிழைத்திருத்தத் தாள்களை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். அதில் நான் எப்போதோ எழுதிய பதிவு ஒன்று: "புலா: போட்ஸ்வானா நாட்டு நாணயம்." அவ்வளவுதான். மழை என்பது அந்தச் சொல்லின் மூல அர்த்தம் என்று அப்போதே எனக்குத் தெரியும். பத்தியில் ஒரு வரி குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். யாரும் வற்புறுத்தவில்லை.

2 நவம்பர்

காலை நடை நாற்பது நிமிடம். புலா என்ற சொல்லை யார் எப்படி வழங்குகிறார்கள் என்று, அகராதி வழக்கப்படி, மூன்று குறிப்பட்டைகள் எழுதினேன்.

முதல் அட்டை. கடையில் பணம் வாங்கும் பெண் ஆங்கிலத்தில் சொன்னாள், முப்பது புலா என்று. எண் எத்தனையானாலும் சொல்லின் கடைசியில் பன்மைக்கான எழுத்து சேர்வதில்லை. சில்லறைக்குத் தெபே என்று பெயர். கேடயம் என்று பொருளாம்.

இரண்டாம் அட்டை. பக்கத்து வீட்டு ம்மா தினேயோ. (இங்கே மரியாதைக்குப் பெண்களை ம்மா என்றும் ஆண்களை ர்ரா என்றும் அழைக்கிறார்கள்.) வேலி ஓரம் நின்று மேற்கே கறுத்திருந்த வானத்தைக் காட்டி, "புலா" என்றார். கல்யாணத்தன்று மழை பெய்தால் அதைவிடப் பாக்கியம் கிடையாது என்றார். வடிவு சிரித்தாள். "நம்ம ஊர்ல பச்சரிசி தின்னாலே ஏசுவாங்க, கல்யாணத்தன்னைக்கு மழை வந்து கெடுத்துரும்னு." அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ம்மா தினேயோ, "அப்படியானால் மதிக்கு நீ தினமும் அரிசி கொடுத்திருக்க வேண்டும்" என்றார். வடிவின் சிரிப்பு நின்றுவிட்டது. மழை வரவில்லை.

மூன்றாம் அட்டை. வானொலி. யாரோ ஓர் அதிகாரி ஆழ்துளைக் கிணறு திறந்து வைக்கிறார். பேச்செல்லாம் ஆங்கிலம். முடிவில் மட்டும் "புலா!" என்று முழங்கினார். கூட்டமும் "புலா!" என்றது. வாழ்த்தும் வேண்டுதலும் சேர்ந்த ஒலி. நாணயத்தைப் பற்றி அங்கே ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

4 நவம்பர், ஞாயிறு

மொத்துசி வந்தான். சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்து கொடுத்தான். நல்ல உயரம். என்னைப் பார்த்ததும் முழங்கையை மறு கையால் தாங்கிக்கொண்டு கை கொடுத்தான். அது மரியாதையாம்.

வடிவு என்னிடம் தமிழில் சொன்னாள், "இவன் எங்கிட்ட படிச்சவன். கணக்குல நாப்பத்தியொண்ணு." எண் மட்டும் அவனுக்குப் புரிந்துவிட்டது போலும்.

"நாற்பத்து மூன்று, ம்மா" என்றான் ஆங்கிலத்தில்.

"நாற்பத்தொன்று. இரண்டு மார்க்கு நீ கெஞ்சி வாங்கினது."

"கெஞ்சியதும் ஒரு முயற்சிதானே, ம்மா."

அவள் திரும்பிக்கொண்டாள். ஆனால் போகும்போது எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள். ஊறுகாய் அவனுக்குத் தனியாக. காரம் குறைத்து முன்பே எடுத்து வைத்திருந்தாள். இவளுக்கு இந்தப் பையன்மேல் என்னதான் கோபம் என்று விளங்கவில்லை.

6 நவம்பர், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வடிவு முறுக்குப் பிழிந்தாள். மதி ஒரு பண்ணைக்குக் கன்று பார்க்கப் போயிருந்தாள். துணிந்து கேட்டேன்.

"பையன்கிட்ட என்ன குறை, வடிவு?"

"குறை ஒண்ணும் இல்ல."

"பொறவு?"

"தேதி முடிவாயிட்டு. சேலை முடிவாயிட்டு. எல்லாம் ஆன பொறவு எனக்குத் தகவல் சொன்னா. பள்ளிக்கூடத்துல சர்க்குலர் வந்தா வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம்லா, அப்படி." எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு எப்பவும் தகவல்தான் அண்ணாச்சி."

நான் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டேன். உப்பு சரியாக இருந்தது என்று சொன்னேன்.

1979 பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

8 நவம்பர்

சனிக்கிழமை வருகிறார்கள். மதி என்னை உட்கார வைத்து விளக்கினாள். நான் எழுதிக்கொண்டேன். அவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். யார், எதற்கு வந்தீர்கள் என்று நாம் கேட்க வேண்டும். பெண் கேட்கிறோம் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். "தண்ணீர் மொள்ள ஒரு சுரைக்குடுவை கேட்டு வந்திருக்கிறோம்" என்பார்கள். பிறகுதான் உள்ளே விட வேண்டும். மாமன் கோட்டு போட்டிருக்க வேண்டும். சம்மதம் என்றால் அதைச் சொல்லி, "புலா!" என்று சத்தமாகச் சொல்லி முடிக்க வேண்டும்.

"பொண்ணுக்கு மாடும் தருவாங்க மாமா. எட்டு. நானே பல்லைப் பாத்துதான் எடுப்பேன்."

உள்ளேயிருந்து வடிவின் குரல்: "எட்டு மாட்டைப் பாளையங்கோட்டைல எங்க கொண்டு கட்டன்னு கேளுங்க."

மதி சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாமா, அம்மா மனசு வந்து சரின்னு சொல்லலைன்னா நான் வேண்டாம்னு சொல்லிடுவேன். மொத்துசிக்கும் தெரியும். கேட்டா 'உன் இஷ்டம்'ங்கா. அது சரின்னு அர்த்தம் இல்லைலா?"

இல்லை என்றேன்.

என்னிடம் கோட்டு இல்லை. மாலையில் வடிவு குற்றாலிங்கத்தின் சாம்பல் நிறக் கோட்டைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். கை இரண்டு அங்குலம் நீளம். அவளே உட்கார்ந்து மடித்துத் தைத்தாள். "அவருக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும்" என்றாள். கோட்டைப் போட்டுப் பார்த்தேன்.

9 நவம்பர்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, "புலா" என்று சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு முறை.

"பாத்ரூம்ல யாரக் கூப்பிடுதியோ அண்ணாச்சி?" என்று கதவருகே கேட்டாள். ஒருவரையும் இல்லை என்றேன்.

10 நவம்பர், சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு வருவார்கள் என்று குறித்திருந்தேன். ஐந்தே முக்காலுக்குப் பல் துலக்கிக்கொண்டே முற்றத்துக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே எட்டுப் பேர் நின்றார்கள். ஆண்கள் கோட்டு அணிந்திருந்தார்கள். பெண்கள் தோளில் கட்டம் போட்ட கம்பளி. யாரும் கூப்பிடவில்லை. மணி அடிக்கவில்லை. சும்மா நின்றார்கள். நான் வேட்டியும் பனியனும்.

வாயிலிருந்ததைத் துப்பினேன். ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தேன். "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்றேன், தமிழில். அவர்கள் அசையவில்லை. தூரத்திலிருந்து வந்தவர்கள், தாகமாக இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே ஓடிச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, முன்னால் நின்ற பெரியவரிடம் இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெதுவான ஆங்கிலத்தில், "ர்ரா, நாங்கள் இன்னும் கேட்கவே இல்லை" என்றார்.

பின்னால் ஓர் அம்மாள் கம்பளியால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியவர் கேட்டைத் தானே இழுத்து, ஓசை வராமல் கொண்டியைப் போட்டார். எல்லோரும் போய்விட்டார்கள்.

மதி தலையை முடிந்துகொண்டே ஓடி வந்தாள். "மாமா! தண்ணி கொடுத்தீங்களா? செம்புலயா?" படியில் உட்கார்ந்து சிரித்தாள். நெடுநேரம் சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. கேட்பதற்கு முன்பே பெண்ணைத் தூக்கிக் கொடுத்த மாமன் நான்.

சமையலறை ஜன்னலில் வடிவு நின்றிருந்தாள்.

"அன்னைக்கும் நீங்கதான் போய்க் கதவத் தெறந்தியோ" என்றாள். ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

11 நவம்பர்

வெயில் முப்பத்தெட்டு. எழுத ஒன்றுமில்லை.

12 நவம்பர்

ம்மா தினேயோ செய்தி கொண்டுவந்தார். பெரியவர் ர்ரா மொலேஃபே மொத்துசியின் மாமன். அவர்களுக்குக் கோபம் இல்லையாம். வரும் சனிக்கிழமை மறுபடியும் வருவார்களாம். ஆனால் கேட்காமல் வாங்கிய பெண் என்று பேர் வரக்கூடாதாம். அது பெண்ணுக்கு மரியாதைக் குறைவாம்.

"நான் எதற்கும் லாயக்கில்லாதவன், ம்மா" என்றேன். "எனக்குப் பதில் வேறு யாராவது பேசட்டும். எனக்குச் சத்தமே வராது."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சத்தத்தை யார் கேட்டார்கள்? அவர்கள் கேட்பது உன்னிடம். ஆனால் பதில் உன்னிடம் இல்லை. நீ எழுந்து உள்ளே போய்ப் பெண்ணின் அம்மாவைக் கேட்க வேண்டும். பெண்ணைக் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் மூன்று முறை நடக்க வேண்டும். கால் இருக்கிறதா உனக்கு? அது போதும்."

இதை மதி எனக்குச் சொல்லவில்லை. அல்லது சொல்லி, நான் குறிக்காமல் விட்டிருப்பேன்.

13 நவம்பர்

1979 ஆகஸ்ட் 26-ஆம் தேதிக்கான என் நாட்குறிப்பு எனக்கு மனப்பாடம். "மாப்பிள்ளை வீட்டார் பத்தரைக்கு வந்தனர். ஒன்பது பேர். கேசரியில் நெய் சற்று அதிகம்."

அதில் எழுதாதது. அன்று காலை எட்டு மணி அளவில் வடிவு கிணற்றடிக்கு வந்தாள். இருபத்திரண்டு வயது. மதுரையில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்த கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள். "அண்ணாச்சி, அப்பாகிட்ட பேசுங்க. ரெண்டே வருசம் தள்ளிப் போடச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றாள். சரி என்றேன். அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை அந்தப் பக்கம் போனேன். இரண்டாம் முறை, "என்னலே?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். பத்தரைக்கு வண்டிச் சத்தம் கேட்டது. நான் போய் வாசல் கதவைத் திறந்தேன். "வாங்க வாங்க" என்றேன்.

அவள் அதன்பிறகு ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. கடிதம் எழுதும்போதெல்லாம் என் உடம்பை விசாரித்துத்தான் எழுதினாள். குற்றாலிங்கம் தங்கமான மனிதர். ஆகவே பாதகமில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

15 நவம்பர்

வடிவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம். முதல் வரைவு மூன்று பக்கம், இரண்டாவது ஒரு பக்கம், மூன்றாவது நான்கு வரி. நான்காவதில் "அன்புள்ள வடிவுக்கு" என்பது மட்டும் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் கிழித்தேன்.

16 நவம்பர்

'பி' தாள்களை அனுப்பிவிட்டேன். புலாவுக்கு இரண்டு வரி அதிகம் கேட்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் முதற்பொருள் நாணயம்தான், எண்ணோடு வரும்போது பன்மையில் மாறாது. மூலமொழியில் மழை. பேச்சின் முடிவில் வாழ்த்தாகக் கூவப்படும், கேட்டவர்கள் திருப்பிக் கூவுவார்கள். இடமில்லை என்றால் வேறு பதிவில் குறைத்துக்கொள்ளுங்கள், இதில் வேண்டாம் என்று எழுதினேன். இப்படி நான் யாருக்கும் எழுதியதில்லை. அனுப்பிவிட்டு இரண்டு முறை மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன்.

17 நவம்பர், சனி

நாலரைக்கே எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ம்மா தினேயோவின் தம்பி, மொழிபெயர்ப்புக்கு. ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள். அதே எட்டுப் பேர். நான் எழுந்திருக்கவில்லை. கால் தானாக எழப் பார்த்தது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

யார் என்று கேட்டோம். சொன்னார்கள். எதற்கு என்று கேட்டோம். தண்ணீர் மொள்ள ஒரு குடுவை என்றார்கள். போன வாரம் சிரித்த அம்மாள் என் கையைப் பார்த்தார், செம்பு இருக்கிறதா என்று. பிறகு உள்ளே விட்டோம். உட்கார்ந்தார்கள். ர்ரா மொலேஃபே நெடுநேரம் பேசினார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் போய்க் கேட்டு வருகிறேன்" என்றேன்.

வடிவு சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, தண்ணி வேணுமா?"

"இல்ல. கேக்க வந்தேன்."

"என்ன கேக்க?"

"மதியைக் கேட்டு வந்திருக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல. நீ என்ன சொல்லுத, வடிவு?"

கத்தி நின்றது. "அவதான் முடிவு பண்ணியாச்சே."

"அவகிட்டயும் கேப்பேன். மொதல்ல உங்கிட்ட."

"நான் வேண்டாம்னா?"

"வேண்டாம்னு போய்ச் சொல்லுவேன்."

"நீங்களா?"

"நான்தான்."

"சத்தமா?"

"முடிஞ்ச மட்டும்."

அவள் மறுபடி நறுக்கத் தொடங்கினாள். நான் நின்றேன். கால் கிலோ பீன்ஸ் இருக்கும். அதை முடித்துவிட்டு, "யோசிக்கான்னு போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போய்ச் சொன்னேன். சங்கடப்படுவார்கள் என்று நினைத்தேன். மாறாக, அந்த வரிசை முழுவதும் திருப்தியாகத் தலையாட்டியது. ர்ரா மொலேஃபே காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் முறை போனேன்.

"அந்தப் பெரியவர்கிட்ட ஒண்ணு கேளுங்க" என்றாள். "எந்த நேரம் கூப்பிட்டாலும் இவ மாடு பாக்கப் போவா. இன்னும் படிக்கணும்னு தோணிச்சுன்னா படிப்பா. கல்யாணம் ஆயிட்டுன்னு யாரும் நிறுத்தக் கூடாது. சம்மதமான்னு கேளுங்க." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கேட்டேன். ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அவர்கள் தலைகளைச் சேர்த்துப் பேசிக்கொண்டார்கள். ர்ரா மொலேஃபே சொன்னார்: "எங்கள் மாடுகளுக்கே அவள்தான் வைத்தியம் பார்க்கிறாள். அவளை நிறுத்தினால் மாடுகள் எங்களைச் சும்மா விடாது. சம்மதம்."

மூன்றாம் முறை. அதைச் சொன்னேன். வடிவு கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"சம்மதம்" என்றாள். பிறகு, "'உன் இஷ்டம்' இல்ல. என் சம்மதம். அப்படியே சொல்லுங்க."

மதி அறையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்பதற்குள், "அம்மா என்ன சொன்னா?" என்றாள். சொன்னேன். தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். முறைப்படி அவளிடமும் கேட்டேன். தலையணைக்குள்ளிருந்து சம்மதம் வந்தது.

வெளியே வந்து நின்றேன். பெண்ணின் தாயைக் கேட்டேன், அவருக்குச் சம்மதம். பெண்ணைக் கேட்டேன், அவளுக்கும் சம்மதம் என்றேன். மூச்சை இழுத்து, "புலா" என்றேன்.

குளியலறையில் வந்த அளவுகூட வரவில்லை. ர்ரா மொலேஃபேக்கு மட்டும் கேட்டிருக்கும். அவர் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பின்னாலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. திரும்பினேன். சமையலறை வாசலில் வடிவு. ஈரக் கை வாய் அருகே, நாக்கு சுழல, கண்ணை மூடிக்கொண்டு குலவையிட்டாள். அறுபத்தொரு வயதில் அந்த மூச்சு எங்கிருந்தது என்று தெரியவில்லை. ஒரு கணம் கம்பளிப் பெண்கள் திகைத்துப் பார்த்தார்கள். மறுகணம் அவர்களும் எழுந்து குலவையிட்டார்கள். அவர்களுடையது சற்றுக் கூர்மை, எங்களூருடையது சற்று நீளம். மற்றபடி ஒன்றுதான்.

அதற்குள் எனக்கு இரண்டாம் முறையாக வந்தது. "புலா!"

"புலா!" என்றார்கள் எல்லோரும். வேலிக்கு அப்பாலிருந்து ம்மா தினேயோவும்.

பிறகுதான் தண்ணீர் கொடுத்தோம்.

18 நவம்பர், ஞாயிறு

தாமதமாக எழுந்தேன். ஏழு பத்து. மதியும் அவள் அம்மாவும் எந்தச் சேலை என்று நேருக்கு நேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னிடம் எதையும் கேட்டுச் சொல்லச் சொல்லவில்லை. பிறகு மதி வெளியே போனாள்.

வடிவு கோட்டைத் தட்டி அலமாரியில் மாட்டிக்கொண்டே கேட்டாள், "அன்னைக்கு எங்கிட்ட வந்து கேட்டிருந்தியோன்னா நான் என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா அண்ணாச்சி?"

"படிக்கணும்னு."

"காலைல அப்படித்தான் சொல்லியிருப்பேன். பத்தரைக்கு ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். மத்தவங்கள்லாம் மீசைய முறுக்கிக்கிட்டு நிக்காங்க. இவரு மட்டும் கர்ச்சீப்ப எடுத்துச் செருப்பத் தொடச்சிக்கிட்டு இருந்தாரு, நம்ம வீட்டுத் தரை அழுக்காயிரும்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அப்பம் நீங்க வந்து கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

கோட்டுக் கையை நேராக்கினாள்.

"ஆனா கேட்டிருக்கணும்" என்றாள்.

"கேட்டிருக்கணும், வடிவு."

அவள் அலமாரியைச் சாத்தினாள். தோசை எத்தனை வேண்டும் என்று கேட்டாள். இரண்டு என்றேன். சொல்லிவிட்டு, அவள் சாப்பிட்டாளா என்று கேட்டேன்.

அவள் இன்னும் சாப்பிடவில்லை.